நாக்கை நம்பியவர்

முதல் நாள் ஆய்வுகூடத்தில் அவர் நக்கியது வெறும் கறியுப்பு. அதைக் கண்டதற்கே நான் ஓரடி பின்னால் போய்விட்டேன்.

வவுனியாவில் இரண்டு வருட ஆய்வுகூட டிப்ளோமா படிக்கப் போயிருந்தோம். முதல் வருடம் முழுக்க ரசாயனம். வாசலில் பெரிய எழுத்தில் இரண்டு கட்டளைகள் ஒட்டியிருந்தன: முகராதே, சுவைக்காதே. செய்முறை வகுப்பை நடத்திய மிஸ் அவற்றை எங்களைக்கொண்டு உரத்துச் சொல்ல வைத்தா. முப்பது பேரும் பாலர் வகுப்புப் பிள்ளைகள்போலச் சொன்னோம். சொல்லி முடிந்து மிஸ் அந்தப் பக்கம் திரும்ப, என் பக்கத்தில் நின்றவர் மேசையில் சிந்திக் கிடந்த வெள்ளைத் தூளை விரலால் தொட்டு, நாக்கு நுனியில் வைத்து, உடனே கைலேஞ்சியில் துப்பினார்.

"கறியுப்புத்தான். பயப்பிடாதையும்" என்றார்.

"உமக்கென்ன விசரே?"

"என்ன சாமானெண்டு தெரியாமல் எப்பிடி வேலை செய்யிறது?"

சுட்டெண் வரிசைப்படி இரண்டிரண்டு பேராகப் பிரித்திருந்தார்கள். ஒரு வருடம் முழுக்க இந்த மனிதரோடுதான் ஒரே மேசையில் நிற்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் இயல்பிலேயே பயந்தவள். எங்கள் வீடு தர்மபுரத்தில். அம்மாவின் ஆட்கள் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அப்பா காணியில் கச்சான் கடலை பயிரிடுகிறார். பூச்சிமருந்துப் போத்தலை அம்மா வீட்டுக்குள் எடுக்கவே விடமாட்டா; வேலியோரம் ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவா. அன்று பின்னேரம் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னபோது அம்மாவின் குரல் ஏறியது.

"வெசத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டா படிக்கிற? கைய ரெண்டு தடவ கழுவிட்டுச் சாப்புடு புள்ள. அந்தப் பையன் பக்கத்துல நிக்காத."

நிற்காமல் எங்கே போவது?

இப்போது நான் கிளிநொச்சியில் தண்ணீர் பரிசோதிக்கும் இடமொன்றில் வேலை செய்கிறேன். ஆட்கள் கொண்டுவந்து தரும் கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல்களைத் திறக்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுத எனக்கு உரிமை இல்லை.

அவர் முல்லைத்தீவுக் கரையோரத்துக்காரர், வேதக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நெருப்புக்குச்சி உரசுமுன் சிலுவை போடுவார். நான் சைவம்தான்; ஆனாலும் அவர் சிலுவை போட்டு முடியும்வரை எங்கள் மேசையின் வாயு அடுப்பை நான் திறந்ததே இல்லை. பயந்தவளுக்கு எந்தச் சாமியாக இருந்தால் என்ன.

நக்கிப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று ஒருநாள் கேட்டேன். அவருக்கு அது கேட்கவேண்டிய விடயமாகவே படவில்லை.

"அப்பா களப்புக்குள்ளை இறங்கினால், முதல் வேலையா உள்ளங்கையிலை தண்ணி அள்ளி நாக்கிலை வைச்சுப் பாப்பார். உவர் கூடினால் ஒரு பக்கம், குறைஞ்சால் மற்றப் பக்கம். அதைப் பாத்துத்தான் றாலுக்கு வலை வைக்கிறது. கண்ணுக்கு எல்லாத் தண்ணியும் ஒண்டுதானே?"

"இது களப்பில்லை."

"ஓம், ஓம்" என்று சிரித்தார். அந்த ஓமில் ஒரு சதத்துக்கும் உறுதி இருக்கவில்லை.

ஆனால் கை அவ்வளவு நல்ல கை. நியமிப்புச் செய்முறை என்று ஒன்று உண்டு. பியூரெட் என்கிற நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைத் துளித்துளியாக அமிலத்துக்குள் விடவேண்டும். குடுவையில் மெல்லிய ரோசா நிறம் வந்து நின்றதும் நிறுத்த வேண்டும். ஒரு துளி கூடினாலும் கணக்குப் பிழை. என் கை பியூரெட்டில் பட்டால் குழாயே ஆடும். அவர் இடது கையால் திருகியைப் பிடித்தால் துளிகள் சொன்ன சொல் கேட்டு ஒவ்வொன்றாக இறங்கும். ஆகவே அவர் கை, என் கண் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவர் குடுவையைச் சுழற்றிக்கொண்டே "வந்திட்டுதோ? வந்திட்டுதோ?" என்று கேட்பார். நான் "நிப்பாட்டும்!" என்பேன். எங்கள் பெறுமானங்களைப் பார்த்து மிஸ் வகுப்பு முழுவதற்கும் காட்டினா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் குறும்பு எழுந்தது. எப்போதும் என்னையே கேட்கிறாரே, இன்றைக்குச் சும்மா நின்று பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டேன். மெல்லிய ரோசா வந்தது. நான் பேசவில்லை. ரோசா தடித்தது. கலியாண வீட்டுச் சர்பத் நிறத்துக்கு வந்துவிட்டது. அவர் துளியை விட்டுக்கொண்டேயிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் குடுவையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருகியை நானே மூடினேன்.

அன்று பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது அவரே சொன்னார்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டுதான். நீர் சொல்லுற அந்த ரோசா, அது எனக்குத் தண்ணி."

"இதோடை எப்பிடி உள்ளை எடுத்தவை?"

"எழுத்து வாசிக்கச் சொல்லித்தான் கண் பாத்தவை. நிறம் ஒருத்தரும் கேக்கேல்லை. படிவத்திலை குறையில்லையெண்டு கையெழுத்து வைச்சிட்டன்."

பிறகு, நான் கேட்காமலே, கரையில் நடந்ததையும் சொன்னார். அவர்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வலை கிடக்கும் இடத்தில் ஒரு நிறத்தில் கொடி கட்டுவார்களாம். இவர்களுடையது பச்சை. பதினாறு வயதில் தனியே போய் ஒரு சிவப்புக் கொடி வலையைத் தூக்கி, மீனைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒருமுறை என்றால் மன்னித்திருப்பார்கள். அடுத்த மாதமும் அதே வலை. கரையில் வைத்து அடித்தார்கள். கள்ளன் என்ற பெயர் விழுந்தது.

"நிறம் தெரியேல்லையெண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். சாட்டுச் சொல்லுறானெண்டு இன்னும் ரெண்டு போட்டவை. அப்பா தோணியிலை ஏத்திறதை விட்டிட்டார். எனக்கு இனிக் கடல் இல்லை. இதையும் விட்டால் வேறை ஒண்டும் இல்லை." சற்று நடந்துவிட்டு, "ஆருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றார்.

சொல்லமாட்டேன் என்றேன். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய பயமும் என் தலையில் ஏறிக்கொண்டது.

நியமிப்பு முடிந்து உப்புகளைக் கண்டுபிடிக்கும் தவணை வந்தபோதுதான் உண்மையான கெடுகாலம் தொடங்கியது. ஒரு குழாயில் பெயரில்லாத தூள் ஒன்றைத் தருவார்கள். கரைத்து, சூடாக்கி, ஒன்றோடொன்று கலந்து, அது என்ன உப்பு என்று எழுதவேண்டும். வெள்ளை, நீலம், மஞ்சள் வந்தால் அவருக்குப் பிரச்சினை இல்லை. கடைசியில் கம்பியில் தொட்டுச் சுவாலையில் பிடிக்கும்போதுதான் வந்து நிற்கும். கல்சியம் செங்கட்டிச் சிவப்பு, ஸ்ட்ரோந்தியம் இரத்தச் சிவப்பு, பேரியம் பச்சை. அவருக்கு மூன்றும் ஒரே நெருப்பு.

நான் பக்கத்தில் நிற்கும்வரை காதுக்குள் சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் கண் உதவாத இடத்தில் அவருக்கு நாக்கு முந்திக்கொண்டது. நான் வடிதாள் எடுத்துவரப் போய்த் திரும்பினால் கைலேஞ்சி வாயில் இருக்கும்.

ஒருநாள் அப்படித் திரும்பி வந்தேன். முகம் மலர்ந்து நின்றார்.

"இது இனிக்குது. சீனி மாதிரி."

குழாயைப் பார்த்தேன். இனிக்கும் உப்பு எது என்பது அந்தக் கிழமைதான் வகுப்பில் படித்திருந்தோம். ஈயம். அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினேன். ஒரு பொடியனை ஒரு பெட்டை இப்படி இழுத்துப் போனால் வகுப்பு என்ன கதைக்கும் என்பதெல்லாம் நினைவிலேயே இல்லை. பத்துத் தடவை வாய் கொப்பளிக்க வைத்தேன். அவர் கொப்பளித்துவிட்டு, "உமக்கு நெஞ்சு இடிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது" என்றார். கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு அவர் இருமினாலும் திரும்பிப் பார்ப்பேன். சாப்பாட்டுக் கடையில் அவர் சோற்றை மிச்சம் வைத்தால் எனக்கும் இறங்காது. ஒரு நாள் வராவிட்டால், அந்தத் தூள்தான் வேலை காட்டிவிட்டது என்று மத்தியானம்வரை உறைந்திருப்பேன். மிஸ்ஸிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவரை அனுப்பிவிடுவார்கள், சொல்லாவிட்டால் செத்துப்போவார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் அந்த வருடத்தைப் படித்தேன்.

வருடக் கடைசிச் செய்முறைப் பரீட்சையைத் தனித்தனியேதான் செய்யவேண்டும். நிறமே பார்க்காமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று இருவரும் இருந்து யோசித்தோம். எது சுடுநீரில் கரையும், எது மணக்கும், எது பொங்கும் என்று கொப்பியில் எழுதிப் பாடமாக்கினார். எல்லாம் தேறியது. அந்த மூன்று உப்புகள்மட்டும் மிஞ்சின. அவற்றை எங்கள் கூடத்தில் சுவாலையால்தான் பிரிக்க முடியும்.

"கல்சியம் எனக்குத் தெரியும், நாக்கைச் சுடும்" என்றார். "மற்ற ரெண்டும் நான் வைச்சுப் பாக்கேல்லை."

"பேரியம் எலிக்கு வைக்கிற சாமான். விளங்குதே? எலிக்கு! நீர் நாக்கிலை வைக்கமாட்டனெண்டு இப்ப சத்தியம் பண்ணும்."

"மாதாவாணை வைக்கமாட்டன். நீர் அழாதையும்."

நான் அழுதது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்திருந்தார். பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்தாலே தாளை வாங்கிவிடுவேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஒரு வருடமாகப் பக்கத்தில் நின்றவருக்கும் எனக்கும் எதிரெதிர் மேசை விழுந்தது. எனக்குக் கிடைத்தது செப்பு உப்பு. நீலத் தூளைப் பார்த்தவுடனே பாதி வேலை முடிந்துவிட்டது. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணித்தியாலம் போயிருக்கும். எதிரே நெருப்பு மூச்சுவிடும் சத்தம். நிமிர்ந்தேன். அவருடைய கம்பி நுனியில் சுவாலை பச்சையாக எரிந்தது. பச்சை என்றால் அப்படியொரு பச்சை, ஆறு அடி தூரத்திலிருந்தே தெரிந்தது. அவர் கம்பியைப் பார்த்தார். கழுவி, தொட்டு, மறுபடியும் பிடித்தார். மறுபடியும் பச்சை. பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

கண்ணை மூடித் திறந்திருந்தால் போதும். உதட்டை அசைத்திருந்தால் அவர் விளங்கியிருப்பார். பரீட்சகர் எனக்குப் பின்னால் எங்கோ நடந்துகொண்டிருந்தார். சப்பாத்துச் சத்தம் கேட்டது. நான் பயத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்றுமே எழுதாமல் தாளில் பேனையை வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி பார்த்தபோது அவர் விடைத்தாள் அட்டையை முன்னால் நிமிர்த்தி வைத்து, அதன் பின்னால் குழாயை விரலில் தட்டிக்கொண்டிருந்தார்.

"பேரியம்!" என்று கத்தினேன். "அது பேரியம்! துப்பும்! துப்பும்!"

அந்தக் குரல் என்னுடையதுபோலவே இருக்கவில்லை. கூடம் முழுக்க அசையாமல் நின்றது. விரல் நாக்கில் பட்டுவிட்டதா, படவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பரீட்சகர் முதலில் ஓடிவந்தது என் மேசைக்கு. பரீட்சையில் விடையைச் சத்தம்போட்டுச் சொன்னவள் நான்தானே. தாளை இழுத்து எடுத்தார். மிஸ்தான் எதிர் மேசைக்காரருடைய ஈர விரலைக் கண்டு, கையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கொண்டுபோனா. ஐந்து நிமிடத்தில் ஓட்டோ வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்.

என்னை நூலகத்தில் இருத்தினார்கள். மூன்று மணிவரை இருந்தேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன்.

மூன்று மணிக்கு மிஸ் வந்தா. "ஒரு கரைசல் குடுத்து, கொஞ்ச நேரம் வைச்சுப் பாத்தவை. நாக்கு நுனியிலை பட்ட அளவுக்கு ஒண்டும் நடக்காதாம். வாய் கழுவினதே போதுமாம்" என்றா. அவ போனபிறகு நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். ஆள் இருக்கிறார் என்று அழுதேன். கத்தாமலே விட்டிருந்தாலும் ஆள் இருந்திருப்பார் என்பதற்கும் சேர்த்து அழுதேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் நிறுவனத்தின் பணிப்பாளர் முதலில் அவரைத்தான் கூப்பிட்டார். அவர் வெளியே வந்தபோது பரீட்சகர் பக்கத்தில் நின்றதால், உள்ளே என்ன சொன்னாரென்று என்னிடம் சொல்ல முடியவில்லை. அடுத்தது நான்.

பணிப்பாளர் மெதுவாகப் பேசுகிறவர். ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"பிள்ளை, அந்த உப்பின்ரை பேர் உமக்கு எப்பிடித் தெரியும்?"

"சுவாலை பச்சையா இருந்தது சேர். நான் நிண்ட இடத்துக்கே தெரிஞ்சது."

"ஆறடி தள்ளி நிண்ட உமக்குத் தெரிஞ்சது, கம்பியைக் கையிலை வைச்சிருந்தவருக்கு ஏன் தெரியேல்லை?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவை நினைத்தேன். படிப்பை விட்டுவிட்டு வீட்டு வாசலில் பையோடு போய் நிற்பதை நினைத்தேன். அவரை நினைக்கவில்லை. உண்மை அதுதான்; அந்த நேரத்தில் அவரை நான் நினைக்கவில்லை.

"அவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது சேர்."

தொடங்கியபிறகு நிறுத்த முடியவில்லை. பியூரெட், ரோசா நிறம், படிவத்தில் வைத்த கையெழுத்து, ஈயம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்ல நெஞ்சு இலேசாகிக்கொண்டு வந்தது. வெட்கக்கேடு, அப்படித்தான் இருந்தது.

பணிப்பாளர் கைக்கு அடியில் இருந்த ஒற்றைத் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். எனக்கு முன் உள்ளே போய் வந்தவரின் எழுத்து.

"விடை சொல்லித் தரும்படி நான்தான் அவவைக் கேட்டேன். அவ மறுத்துவிட்டா. கரையில் பழகிய பழக்கத்தில் நான் உப்பை நாக்கில் வைத்ததைக் கண்டு பயத்தில் கத்தினா. அவவில் ஒரு பிழையும் இல்லை. கொப்பி அடிக்க நினைத்தது நான். தண்டனையை எனக்குத் தாருங்கள்."

"இதுக்கு ஒரு வருசம் நிப்பாட்டியிருப்பன்" என்றார் பணிப்பாளர். "அடுத்த வருசம் வந்து திரும்ப எழுதியிருப்பார்."

"சேர், நான் சொன்னதை விடுங்கோ சேர். அவர் எழுதினதுதான் சரி."

"கேட்டதைக் கேக்காத மாதிரி இருக்கேலாது பிள்ளை. நாளைக்கு ஒரு நோயாளியின்ரை இரத்தத்தைச் சோதிக்கப் போற படிப்பு இது. நிறம் தெரியாத ஒருத்தரை நான் எப்பிடி வைச்சிருக்கிறது? நீர் போம். அவரை வரச் சொல்லும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. இன்றைக்கு நானும் சோதனை வேலைதான் செய்கிறேன். பிழை இல்லையென்று எனக்குத் தெரியும். அன்றைக்கு, போம் என்று அவர் இரண்டாம் முறை சொன்னபிறகுதான் எழுந்தேன்.

வெளியே வாங்குப் பலகையில் அவர் இருந்தார். ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் தள்ளி இடம் விட்டார். நான் இருக்கவில்லை.

"பயந்திட்டீரோ?" என்று தணிந்த குரலில் கேட்டார். "ஒண்டும் ஆகாது. நான் எல்லாம் எழுதிக் குடுத்திட்டன். கொப்பியடிச்சவனெண்டு ஒரு வருசம் போகும், அவ்வளவுதான். அந்தப் பேர் எனக்குப் புதுசில்லை." பிறகு வாசலைப் பார்த்துவிட்டு இன்னும் தணித்தார். "கண்ணைப் பற்றி நீர் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். அந்த வருடம் முழுக்க நான் பார்க்காத ஒரு நிம்மதி அந்த முகத்தில் வந்தது. உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து சேர்ட்டை இழுத்துவிட்டார்.

"கொஞ்சம் நில்லும். என்ன சொன்னவரெண்டு வந்து சொல்லுறன்" என்றுவிட்டு உள்ளே போனார்.

நான் நிற்கவில்லை.